படம் வராத டெக்கும் பிஞ்சு மாங்காயும்

ஓசூரில் ஒரு வீட்டுக்கு முதன்முதலாகக் கேமரா மாட்டியவன் நான்தான்.

இது பொய். எனக்கு முன்பே ஊரில் இரண்டு வீடுகளில் மாட்டியிருந்தார்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மாட்டிய கேமரா படம் காட்டாமல் போனபோது, சரியாக மாட்டியது எப்படி இருக்கும் என்று பார்க்க அந்த இரண்டு வீட்டு மதில் மேலும் ஏறினேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில் அந்தக் கேமராவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பம் மொத்தமும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. ஆக, ஓசூரில் கேமராவில் முதலில் மாட்டியவன் நான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கேபிள் டிவிக்கு வயர் இழுப்பவன். அதற்கு முன்பு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஹெல்ப்பர். எனக்கே ஒரு ஹெல்ப்பர் போடவேண்டியிருக்கிறது என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது மதியச் சோற்றுக்கு மட்டும். மணி அடித்ததும் உள்ளே போவேன், கை கழுவியதும் வெளியே வந்துவிடுவேன். எழுத்துக் கற்றதெல்லாம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில், பஸ் பலகைகளைப் பார்த்து. அதனால் ஊர்ப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுவேன். மற்றதெல்லாம் ஒரு குத்துமதிப்புதான்.

நான் கேபிள் கொடுத்திருந்த வீடுகளில் ஒன்று தோப்புக்காரர் வீடு. ஊரே அவரைத் தோப்புக்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் தோப்பு கிடையாது. அதைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அந்தக் கம்பெனி மதிலுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டியிருந்தார். மிச்சமானது ஒரே ஒரு மல்கோவா மரம். வாசலை மறைக்கிறது, வெட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னபோது, "வாசல நகத்துடா" என்று சொன்ன மனுஷன் அவர். அதனால் அந்த வீட்டுக்குள் நுழைய ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகவேண்டும்.

காய்ப்புக் காலம் வந்துவிட்டால் காலையில் காபி டம்ளரோடு மரத்தடியில் நின்று காய்களை எண்ணுவார். அந்த வருஷம் பங்குனியில் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருதரம் ஐந்து, ஆறு காணாமல் போயின. அதுவும் பழம் அல்ல. நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிசான பிஞ்சுகள். அவர் டவுனுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போயின.

"பழுத்தத எடுத்தாக்கூட பசிக்கு எடுத்தான்னு விட்டுருவேன்டா. பிஞ்சை எடுக்கறான்னா அவன் எம்மேல இருக்கற கொழுப்புல எடுக்கறான்" என்றார்.

அவர் சந்தேகம் வாட்ச்மேன் மேல் விழுந்தது. பாரூர்ப் பக்கத்துக்காரர் அவர். தோப்பு இருந்த காலத்தில் அதற்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர். தோப்பு போனதும் தோப்புக்காரர் அவருக்கு ஒரு காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்து கேட்டில் உட்கார வைத்தார். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். திங்கட்கிழமை மட்டும் லீவு. அன்றைக்குப் பஸ் ஏறி பாரூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்வருவார்.

"நீ எடுத்தியாடா?" என்று தோப்புக்காரர் கேட்டார்.

"நான் எடுக்கலீங்கய்யா."

"அப்ப நீ எதுக்குடா வாட்ச்மேனு?"

எனக்குத் தெரிந்து எந்த வாட்ச்மேனிடமும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

இந்த நிலைமையில்தான் தோப்புக்காரர் பெங்களூர் போய், டார்ச் லைட் அளவில் ஒரு கேமரா வாங்கிவந்தார். கறுப்பு வெள்ளைக் கேமரா. அது பார்ப்பதை வீட்டில் இருக்கும் வீடியோ டெக்கில் கேசட் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம், டிவியில் போட்டும் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டு டெக் அதுவரை சினிமா கேசட் மட்டுமே ஓட்டியது.

"டேய் கேபிளு" என்று என்னைக் கூப்பிட்டார். "டிவிக்கு வயரு இழுக்கறியே, கேமராவுக்கு இழுப்பியா?"

"ஐயா, என்ன கேள்வி கேட்டுட்டீங்க. கேமரா எனக்கு பொம்ம மாதிரிங்க."

அதுவரை நான் கேமராவைக் கல்யாண வீடுகளில்தான் பார்த்திருந்தேன். அதிலும் "யோவ், மறைக்காத, ஒதுங்கு" என்று என்னைச் சொல்லும்போதுதான்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். போர்டிகோ மூலையில் கேமராவை மாட்டினேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக வயரை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். தோப்புக்காரரின் வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றார். ஆனேக்கல் பக்கத்துப் பெண். பேச்சில் அங்கங்கே கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"ஏனப்பா, இதுல மரம் முழுசாத் தெரியுமா?"

"எறும்பு ஏறினாக்கூட தெரியும்மா."

"அய்யோ, அப்படியா" என்றார். சந்தோஷத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு பெண்மணி இவ்வளவு ஆர்வமாகப் பார்த்தால் நான் சும்மா இருப்பேனா? டெக்கைத் திருப்பிவைத்துப் பாடம் நடத்தினேன். "பாத்தீங்களா, இந்த மஞ்சக் கலரு ஓட்டை, இதுதான் படம் போற வழி. மத்த ரெண்டும் சவுண்டுக்கு. இது ஒண்ணு அடைபட்டா அவ்வளவுதான், கண்ணு குருடு." இந்த விவரம் பெங்களூர்க் கடைக்காரர் தோப்புக்காரருக்குச் சொல்லி, தோப்புக்காரர் எனக்குச் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதோடு விட்டேனா? இன்னொன்றும் சொன்னேன். "கம்பெனியில ஆயுத பூஜைக்கு பெரிய மிஷின்ல இருந்து டீ கேன் வரைக்கும் சந்தனப் பொட்டு வெப்போம்மா. பொட்டு இல்லாத மிஷினு ஓடாதுங்க. இதுக்கும் வெச்சிருங்க."

"எங்கெங்க வெக்கணும்?"

"முன்னாடி, பின்னாடி, கரண்டு போற எடமெல்லாம் வைங்க."

வீட்டம்மா டெக்கைப் பூஜை அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து வைத்தார். முன்பக்கம் மூன்று பொட்டு, மேலே பூ, பின்பக்கம் ஓட்டைக்கு ஓட்டை பொட்டு. கல்யாணப் பெண்ணுக்கே அவ்வளவு அலங்காரம் செய்யமாட்டார்கள். நான் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

டிவியில் கும்மிருட்டு.

"என்னடா?" என்றார் தோப்புக்காரர்.

"புதுக் கேமராங்க. சூடாவணும்."

மாலை வரை சூடாகவில்லை. நான்தான் சூடாகியிருந்தேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கேமராவில் சிவப்பு லைட் எரிந்தது. "உசுரு இருக்குதுங்க" என்று மேலே இருந்தே அறிவித்தேன். இறங்கி டிவியில் சேனல் எல்லாவற்றையும் சுற்றினேன். கேமராவிலிருந்து ஜன்னல் வரை பெங்களூர் வயரை எடுத்துவிட்டு என் கேபிள் வயரை ஒட்டுப் போட்டேன். கேமரா பக்கத்து முனையில் இருக்கும் பின்னை இரண்டு தடவை வெட்டி மாற்றினேன். கேமராவின் முதுகில் செல்லமாக நான்கு தட்டுத் தட்டினேன். பிறகு செல்லம் இல்லாமல் தட்டினேன்.

டெக்கையும் சோதித்தேன். ஒரு சினிமா கேசட்டைப் போட்டால் பாட்டும் சண்டையும் நன்றாக வந்தன. "டெக் மேல குத்தமில்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். கேசட் ஓடுவது வேறு, வெளியே இருந்து படம் உள்ளே போவது வேறு என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் ஏணி மேல் நிற்கப்போகிறேன்? கேமராவை நேராக டிவியில் சொருகிப் பார்க்கலாம் என்றால், அந்தப் பழைய டிவிக்கு ஆன்டெனா ஓட்டை ஒன்றைத் தவிர வேறு ஓட்டை கிடையாது.

மதியம் தோப்புக்காரர் என் ஏணிக்கு அடியில் வந்து நின்றார். அவர் மூன்று பாஷைக்காரர். சாமி கும்பிடக் கன்னடம், எங்களை வேலை வாங்கத் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

"ஏம்ரா, தெலுசா தெலீதா?" என்றார். தெரியுமா, தெரியாதா என்று அர்த்தம். பாஷையைக் கேட்டதுமே ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஓசூர் முழுக்க என் பெயர் போய்விடும் என்று பயந்தேன். அப்படிப் போவதற்கு ஒரு பெயர் எனக்கு இருந்ததாக அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால், "வயர்ல எங்கயோ கட்டாயிருக்குதுங்கய்யா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"வயரு தானா கட்டாவுமா?"

"ஆவாதுங்க."

"அப்ப எவனோ கட் பண்ணியிருக்கான்."

அவர் கேட்டின் பக்கம் திரும்பினார். ஏணி மேல் நின்றிருந்த எனக்கு, நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார். "கேமரா வந்தா மாட்டிக்குவோம்னு வயர அறுத்திருக்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இந்த டெக்குல படம் வரணும். வரலைன்னா அறுத்தது நீதான்னு அர்த்தம். பொட்டியக் கட்டிக்க. திங்கக்கிழம காலையில வேற ஆளு வருது, ஏஜென்சியில சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து வாட்ச்மேன் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

"தம்பி, வயரு மெய்யாலுமே அறுந்திருக்குதா?"

"இல்லண்ணா. சும்மா சொன்னேன்."

"நீ சும்மா சொன்னதுக்கு நான் சட்டி பானையத் தூக்கணுமா?"

"எப்பிடியும் படத்த வரவெச்சிடறேண்ணா. படம் வந்தா நீ தப்பிச்ச."

"வந்தா..." என்று இழுத்தவர், வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "வந்தா அது ஒரு ரோதனை. என்னமோ பண்ணு போ."

படம் வரவில்லை என்றால் வேலை போகும். வந்தால் ஏன் ரோதனை? எனக்கு விளங்கவில்லை. அன்று மாலைதான் அந்த இரண்டு வீட்டு மதில் மேலும் ஏறினேன். ஏறிய கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக் கோயிலில் ஒரு கல்யாணம். தோப்புக்காரர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். "மூணு மணிக்கு வந்துருவேன்" என்று என்னிடமும் வாட்ச்மேனிடமும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போனார். வீட்டம்மா தலைவலி என்று போகவில்லை.

நான் ஹாலில் டெக் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெளியே மாற்றுவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை. வேறு வழியில்லாமல்தான் டெக்கைத் திருப்பினேன். மஞ்சள் ஓட்டையிலிருந்து பின்னை உருவினேன். பின் முனையில் மஞ்சளாக ஒரு பொடி. தேய்த்து மூக்கில் வைத்தேன். மணந்தது. அசல் சந்தனம்.

சின்ன ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுச் சுரண்டினேன். வந்தது. இன்னும் சுரண்டினேன். இன்னும் வந்தது. பொட்டு வைத்த மாதிரி இல்லை அது. பல் டாக்டர் ஓட்டைப் பல்லை அடைப்பதுபோல் அடிவரை அழுத்தி அடைத்து, காயவிட்டு, மேலே அழகாக ஒரு குங்குமம். பக்கத்தில் சவுண்டுக்கான ஓட்டைகள் இரண்டையும் பார்த்தேன். அவற்றில் விளிம்பில் மட்டும் பொட்டு. உள்ளே சுத்தம்.

முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். பொட்டு வைக்கச் சொன்னவன் நான், எந்த ஓட்டை என்று கைநீட்டிக் காட்டியவனும் நான். வெள்ளிக்கிழமை பின்னைச் சொருகியபோது இறுக்கமாக இருந்ததை நினைத்துப் பார்த்தேன். புது டெக் அப்படித்தான் இருக்கும் என்று அழுத்தித் தள்ளியிருந்தேன். அது நான்கு வருஷப் பழைய டெக்.

தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து ஓட்டையைத் துடைத்தேன். பின்னைச் சொருகினேன். டிவி கண்ணைத் திறந்தது. மாமரம், கேட், மரத்தடியில் மேயும் ஒரு கோழி. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கோழியை நான் பார்த்ததில்லை. கேசட்டைப் போட்டுப் பதிவு பட்டனையும் அழுத்திவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட எழுந்தேன்.

அப்போது டிவிக்குள் வீட்டம்மா வந்தார்.

கையில் துறட்டிக் கோல், தோளில் ஒரு துணிப்பை. தாழ்ந்த கிளையைக் கொக்கியில் இழுத்துப் பிடித்து, பிஞ்சாகப் பார்த்துப் பறித்தார். ஒன்று, இரண்டு, ஆறு வரை. நடுவில் ஒருதரம் நிமிர்ந்து கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். பயமே இல்லை. அதன் கண்ணை அடைத்தவருக்கு என்ன பயம்? பிறகு பையை வாட்ச்மேனிடம் கொடுத்தார். அவர் அதைத் துண்டுக்குள் சுருட்டி வைத்தார்.

துறட்டியைச் சாத்திவிட்டு வீட்டம்மா உள்ளே வந்தார். டிவியில் வெறும் மரமும் கோழியும் தெரிந்தன. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"எப்போ?"

"நீங்க துறட்டி எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிங்க."

அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய ஒரே பெண், தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒரு ஃபிட்டரைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு மத்தூரில் இருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது தோப்புக்காரர் போட்ட சட்டம்.

"இப்ப மாசமா இருக்காப்பா. கடை மாங்காயத் தின்னா வாந்தி வருதாம். நம்ம மரத்துக் காயிதான் வேணுமாம். வாட்ச்மேனு பாரூருக்குப் போற வழியில குடுத்துட்டுப் போவாரு."

"வாட்ச்மேன் அண்ணாவுக்கு நாளைக்கு வேலை போவப்போவுதேம்மா."

"நேத்துலருந்து எனக்கு சோறு எறங்கல" என்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "படம் வராட்டி கேமராவத் தூக்கிப் போட்டுருவாருன்னுதான் நான் அடைச்சேன். வயரு அறுந்துச்சுன்னு நானா சொன்னேன்? நீதானே சொன்ன? வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீனு?"

நியாயமான கேள்வி.

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்ன எந்த இடத்திலும் எதுவும் உருப்பட்டதில்லை. ஆனால் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. சந்தனம் வைத்து அடைத்தது நானே என்று சொல்லிவிடுவது. வயர் அறுபடவில்லை என்று ஆகிவிடும், வாட்ச்மேன் தப்பிப்பார். கேசட்டில் விழுந்ததை மட்டும் அழித்துவிட வேண்டும்.

கையை நீட்டினேன். வாசலில் ஜீப் வந்து நின்றது.

தோப்புக்காரர் உள்ளே நுழையும்போதே டிவியைப் பார்த்துவிட்டார். "வந்துருச்சாடா!" என்று சின்னப் பையன் மாதிரி கத்தினார். வீட்டம்மா சமையலறைக்குள் போய்விட்டார். சத்தம் கேட்டு வாட்ச்மேன் வாசற்படியில் வந்து நின்றார்.

நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "எம்மேலதாங்க தப்பு. பொட்டு வெக்கறேன்னு ஓட்டைக்குள்ள சந்தனத்த அடைச்சிட்டேன். வயரு நல்லாத்தாங்க இருந்துச்சு. யாரும் அறுக்கல. அண்ணா பாவங்க."

நான் சொன்ன உண்மைகளைக்கூட அந்த ஊர் நம்பியதில்லை. இந்தப் பொய்யை அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் நம்பினார். "உன்னப் பாத்த அன்னிக்கே நெனச்சேன்டா, நீ அப்பிடித்தான் பண்ணுவேன்னு" என்றார். கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"சரி, பதிவு ஆயிருக்குதா பாக்கலாம்" என்று அவரே டெக் முன்னால் உட்கார்ந்தார். சினிமா பார்த்துப் பழகிய கை. நான் வாயைத் திறப்பதற்குள் கேசட்டைப் பின்னால் ஓட்டிவிட்டார்.

கோழி வந்தது. துறட்டி வந்தது. ஒன்று, இரண்டு, ஆறு. பை கை மாறியது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. தோப்புக்காரர் மறுபடி பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை, வீட்டம்மா கேமராவை நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் நிறுத்தினார்.

"யாருடா இது?"

மூக்குத்தி மின்னுவது வரை தெரிந்தது. "புள்ளி புள்ளியா இருக்குங்கய்யா. கறுப்பு வெள்ளக் கேமரா. யாருன்னு தெரியலீங்க" என்றேன்.

"பொடவ கட்டியிருக்குதே."

"அது வாழ மரத்து நெழலுங்க."

"எங்க வீட்டுல வாழையே இல்லியேடா."

"எனக்கும் அதாங்க சந்தேகமா இருக்குது."

அவர் என்னை அடிக்காமல் விட்டது இன்று வரை எனக்கு ஆச்சரியம். வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"பை எங்கடா போவுது?"

வாட்ச்மேன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "மத்தூருக்குங்க."

பிஞ்சு மாங்காய் எதற்கு என்று தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. தோப்புக்காரருக்கு மட்டும் அத்தனை நாளாக ஏன் தோன்றவில்லை என்றால், பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பதையே மறந்ததாக அவர் நடித்துக்கொண்டிருந்தார். டிவியையே பார்த்தபடி, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு" என்று சமையலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

தோப்புக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாட்ச்மேன் மேல் பாய்ந்தார். யார் மேலாவது பாய்ந்தால்தான் அவரால் எழுந்திருக்க முடியும்போல இருந்தது.

"நீ ஏன்டா வாயத் தொறக்கல? வேல போற வரைக்கும் வந்துருச்சு, கல்லு மாதிரி நிக்கற?"

"நீ எடுத்தியான்னு கேட்டீங்க. எடுக்கலைன்னு சொன்னேனுங்க. யாரு எடுத்தான்னு நீங்க கேக்கவே இல்லீங்களேய்யா."

"நாளைக்கு ஊருக்குப் போறல்ல?"

"வேல போனா ஊருக்குப் போய்த்தானுங்களே ஆவணும்."

"எவன்டா சொன்னான் வேல போச்சுன்னு?" என்று கத்தினார். கத்திக்கொண்டே போய் போனை எடுத்து, ஏஜென்சிக்காரனிடம் ஆள் வேண்டாம் என்றார். ஏன் என்று அவன் கேட்டிருப்பான்போல. "எங்காளு இருக்கான், அதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வாட்ச்மேன் சட்டைப் பையில் இருந்த விசிலை எடுத்து, பார்த்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"டேய் கேபிளு, ஏணிய எடு."

ஏறினேன். கீழே தோப்புக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"கேமராவத் திருப்பு."

திருப்பினேன்.

"இன்னும் திருப்பு."

"இன்னும் திருப்புனா மரம் தெரியாதுங்களேய்யா."

"தெரியாட்டிப் போவுது. திருப்புடா."

கேமரா கடைசியில் கம்பெனி மதிலைப் பார்த்து நின்றது. அந்த மதிலிலிருந்து எவனாவது ஒரு செங்கல்லைத் திருடினால் நன்றாகத் தெரியும். போதும் என்றார். நான் இறங்கக் காலை எடுத்தேன்.

"எறங்காத. கீழ்க் கிளையில இருக்கறத எல்லாம் எங்க வீட்டம்மா தீத்துட்டா. உனக்கு எட்டற கிளையில நல்ல பிஞ்சா இருக்குது பாரு, ஒரு பத்துப் பறி. பத்து பத்தாது, பை நெறையாப் பறி. நாளைக்கு நானே..." என்று ஆரம்பித்தவர், மேலே முடிக்காமல் வாட்ச்மேனைப் பார்த்து, "மத்தூருக்கு ஜீப்பு போவுற ரோடு நல்லா இருக்குதாடா?" என்று கேட்டார்.

வாட்ச்மேன் ரோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தோப்புக்காரர் அதைக் கேட்பதற்காக ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்தார். நான் ஒரு காலை ஏணியிலும் ஒரு காலைக் கிளையிலும் வைத்து, இலைக்கொத்துக்குள் கையை விட்டேன். கைக்குத் தட்டுப்பட்டது மாங்காய் இல்லை. இலைகளைச் சேர்த்துப் பந்து மாதிரி தைத்த முசுறு எறும்புக் கூடு. அது உடைந்தது. நான் போட்ட சத்தத்தில் தோப்புக்காரர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். ஏணி ஒரு பக்கம் போக, நான் கிளையில் தொங்கியபடி, வேட்டிக்குள்ளே முசுறு ஏற, கீழே வீட்டம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து...

"ஏங்க! தொட்டி வழிஞ்சி தெருவுக்கு ஓடுது, காதுல விழுதா இல்லியா? மோட்டார நிறுத்துங்கன்னு எத்தன வாட்டி கத்தறது?"

இது கதையில் இல்லை, இப்போது என் வீட்டில் கத்தும் என் மனைவி. போகிறேன்.